முன் ரூமும் ஓடாத எஞ்சினும்

ஜெசிந்தாவுக்கு வேண்டியது ஒரு ரூம். அரண்மனை கேட்டாளா? இல்லை. மாடி மேல் மாடி கேட்டாளா? அதுவும் இல்லை. தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்த முன் ரூம், அவள் சொந்த வீட்டு முன் ரூம், அதைத்தான் கேட்டாள். ஆனால் அந்த ரூமில் ஒரு எஞ்சின் உட்கார்ந்துகொண்டிருந்தது. அதுவும் எப்பேர்ப்பட்ட எஞ்சின்? ஓடாத எஞ்சின்.

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மாதா கோயில் தெருவில் அவர்கள் வீடு. ஜெசிந்தா பிறந்தது கெடார் பக்கம். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, மல்லாட்டைக் கடலை பிடுங்கி, பெற்றவர்கள் ஆளாக்கிய பெண். பள்ளிக்கூடம் முடிந்ததும் சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அன்றைக்குப் பிடித்த கத்தரியை இன்றைக்கும் கீழே வைக்கவில்லை. ஜாக்கெட் தைக்க அவளை விட்டால் ஆளில்லை என்று சுற்றுப்பட்டுப் பெண்கள் தேடி வருவார்கள். வந்து என்ன செய்ய? மிஷின் கிடப்பது சமையல்கட்டுக்குப் பக்கத்துச் சந்தில். அளவு எடுக்கக் கதவு மறைவில் நிற்க வேண்டும். தைத்த பட்டு ஜாக்கெட்டில் கருவாட்டுக் குழம்பு வாசனை ஏறிக்கொள்ளும். ஒரு கல்யாணப் பெண் அதை மோந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தாள் பாருங்கள், அன்றைக்கே ஜெசிந்தா முடிவு கட்டிவிட்டாள். முன் ரூம் தனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

அவள் புருஷன் செபஸ்தியான் கூட்டுரோட்டில் தகரக் கொட்டகை போட்டு எஞ்சின் ரிப்பேர் செய்பவன். மருந்தடிக்கிற ஸ்பிரேயர், ஜெனரேட்டர், பம்ப்செட், எது வந்தாலும் பிரித்துப் போட்டு மாட்டிவிடுவான். நல்ல கை. குடி இல்லை, சீட்டு இல்லை. அப்படிப்பட்டவனுக்கும் ஒரு கிறுக்கு வேண்டாமா? “ஊரான் எஞ்சினுக்கே உசுரு குடுத்துக்கினு இருக்கேன் ஜெசி. எனக்குன்னு ஒண்ணு, நானே செஞ்சது, வேணும்” என்று ஒரு நாள் ஆரம்பித்தான். காயலாங்கடையில் ஒரு பழைய ஜெனரேட்டரின் சிலிண்டரும் பிஸ்டனும் பொறுக்கி வந்தான். மற்றதெல்லாம் தானே செய்வேன் என்று முன் ரூமில் கடை விரித்தான்.

“கொட்டாயில வெச்சி செய்யறதுக்கு இன்னாங்க?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“அங்க திறந்து கெடக்குது. ஒரு போல்ட் காணாமப் போனா பேஜாரு.”

எல்லாவற்றையும் செய்துவிட்டான். கேம் என்று ஒன்று, அதுதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத ஜெசிந்தாவுக்கே, கேட்டுக் கேட்டு அது மனப்பாடமாகிவிட்டது.

“எஞ்சினுக்கும் மூச்சு இருக்கு ஜெசி. பெட்ரோல் காத்த உள்ள இழுக்கணும், அமுக்கணும், வெடிக்கணும், பொகையா வெளிய விடணும். இழுக்க ஒரு வாய், விட ஒரு வாய். எந்த வாய எப்ப தொறக்கணும், எப்ப மூடணும்னு சொல்றது இந்த கேம்தான். ஒரு தண்டு, அதுல முட்டை மாதிரி ரெண்டு மேடு. மேடு வந்து தள்ளினா வாய் தொறக்கும், தாண்டிப் போனா மூடிக்கும்.”

“முட்டை தானே? நான் கடையில வாங்கியாறேன், வெச்சிக்கங்க.”

அவன் சிரிக்க மாட்டான். முட்டை விஷயத்தில் அவனுக்குச் சிரிப்பே வராது. முதல் கேமில் மேட்டைக் கூராக வைத்துவிட்டான். வால்வு தூக்கிப் போட்டு டக்கு டக்கென்று அடித்தது. அடுத்ததில் மேட்டைத் தடியாக வைத்தான். திறந்த வாய் மூடவே இல்லை. மூன்றாவதை நிதானமாக வரைந்தான். எவ்வளவு உயரம் தூக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், புகை போகிற வாய் மூடி முடிப்பதற்குள் இழுக்கிற வாய் எப்போது லேசாகத் திறக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வரைந்தான். வரைந்தது எதில் தெரியுமா? ஜெசிந்தா ஜாக்கெட் அளவு வெட்டி வைக்கிற பழைய காலண்டர் அட்டையில். அவள் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால். சுற்றுகிற பக்கத்தைக் காட்டப் பெரிதாய் ஓர் அம்புக்குறி வேறு. அந்த அட்டையை அவளுடைய கத்தரியாலேயே வெட்டி, கத்தரி மொக்கையாகி, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அட்டையை எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்கு பஸ் ஏறினான். அங்கே மணிமாறன் என்று ஒரு லேத் பட்டறைக்காரர், இவனுடைய சிநேகிதர். தண்டைக் கடைந்து கொடுத்தார். மேடுகளை செபஸ்தியானே அட்டையை வைத்து வைத்துப் பார்த்து அரம் போட்டு ராவினான். எஞ்சினோடு கேமைச் சேர்க்க செயின் போடுவதாகத்தான் முதலில் திட்டம். செயின் பக்கத்து மூடியில் உரசியது. “செயின விடுங்கண்ணே. ரெண்டு கியர் வெச்சிடலாம், ஒண்ணோட ஒண்ணு பல்லு கோத்துக்கும். ஒரு தொந்தரவும் இருக்காது” என்றார் மணிமாறன். நல்ல யோசனை. கியர் வைத்தார்கள். கேம் பளபளவென்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எஞ்சின் ஓடியதா? ஓடவில்லை.

கிறிஸ்மஸ் சமயத்தில் சண்டை முற்றியது. ஊர் பூராவும் ஜாக்கெட் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, சந்தில் துணி வைக்க இடமில்லாமல் ஜெசிந்தா முன் ரூம் வாசலோரம் இருந்த அரிசிப் பானை மேல் அடுக்கி வைத்திருந்தாள். மேலே இருந்த ஒன்று வழுக்கி முன் ரூமில் ஆயில் தட்டில் போய் விழுந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வீரம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

செபஸ்தியான் கையைத் தூக்கினான். “சரி. வீரம்மாக்கா சாட்சி. லூர்து மாதா திருவிழா கொடியேத்தத்துக்குள்ள எஞ்சின் ஓடலன்னா நானே காயலாங்கடைக்குத் தூக்கிப் போட்டுடறேன். ரூம் ஒனக்கு.”

“ஓடிட்டா?”

“ஓடிட்டா ரூம் எஞ்சினுக்கு. அப்புறம் நீ ரூம்னு வாயே தொறக்கக் கூடாது.”

“மாதா மேல?”

“மாதா மேல.”

ஜெசிந்தா உடனே ஒத்துக்கொண்டாள். இத்தனை நாள் ஓடாதது கொடியேற்றத்துக்குள் ஓடிக் கிழித்துவிடுமா என்ன? அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. லைனிங் துணியும் ஊக்கும் வாங்க விழுப்புரம் போனவள், அப்படியே போர்டு எழுதுகிற கடைக்குள் நுழைந்து, ‘ஜெசிந்தா லேடீஸ் டெய்லர்’ என்று எந்த எழுத்தில் போட்டால் நன்றாக இருக்கும் என்றுகூடக் கேட்டுவிட்டு வந்தாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது ஜன்னலோரம் மிஷினைப் போடலாமா, சுவரோரம் போடலாமா என்பதுதான் யோசனை. வெளிச்சத்துக்கு ஜன்னலோரம்தான் சரி என்று ஆட்டோ நிற்பதற்குள் முடிவாகிவிட்டது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் வந்தது. பிளக் மாற்றியாயிற்று. பெட்ரோல் மாற்றியாயிற்று. பொறி நன்றாகத்தான் விழுந்தது. சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்து இழுத்து செபஸ்தியானுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், “ஜெசி, எஞ்சின் வெச்ச பலகை ஆடுது. செத்த வந்து மிதிச்சிக்க” என்று கூப்பிட்டான்.

ஊக்கு வைத்துக்கொண்டிருந்த சிவப்பு ஜாக்கெட்டோடு எழுந்து வந்து, பலகை மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். வாய் சும்மா இருக்குமா? “இழுங்க இழுங்க. நாளைக்குக் காயலாங்கடைக்காரர் வந்து இழுப்பாரு” என்றாள். மடியிலிருந்து சிவப்பு லைனிங் வெட்டுத் துண்டு ஒன்று நழுவி, புகை போகிற குழாயின் வாயருகே விழுந்தது.

செபஸ்தியான் குனிந்து கயிற்றை இழுத்தான். துண்டுத் துணி துள்ளிப் போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கீழே விழுந்தது.

ஜெசிந்தா அதைப் பார்த்தாள். என்ன இது? புகை விடுகிற குழாய் துணியை ஊதித் தள்ள வேண்டாமா? இழுக்கிறதே!

மறுபடியும் இழுத்தான். துணி மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கம், காற்றை இழுக்க வேண்டிய கார்பரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் துளித்துளியாய் வெளியே தெறித்தது. கயிற்றோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே கண்ணில் படும்? அவன் முகம் தரையைப் பார்த்துக் கிடந்தது.

ஜெசிந்தா தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் அந்தக் காலண்டர் அட்டை. அம்புக்குறி வலப்பக்கம் சுற்றச் சொன்னது. பக்கத்து மூடியைக் கழற்றி வைத்திருந்ததால் உள்ளே கேம் தெரிந்தது. அடுத்த இழுப்பில் கேமையே பார்த்தாள். அது இடப்பக்கம் சுற்றியது.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தையல் பழகின புதிதில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். ஜாக்கெட் கை ரெண்டும் பார்க்க ஒன்று மாதிரிதான் இருக்கும். ஆனால் முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக வெட்ட வேண்டும். ஒரு கை வெட்டியதும் அட்டையைப் புரட்டிப் போட்டு அடுத்த கையை வெட்ட வேண்டும். புரட்ட மறந்தால் ரெண்டும் இடது கையாகிவிடும். இந்த மனுஷன் செயினுக்கு வரைந்த அட்டையை வைத்து கியருக்கு வெட்டியிருக்கிறான். செயின் போட்டால் ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் சுற்றும். பல் கோத்த கியரில் ஒன்று இந்தப் பக்கம் போனால் மற்றது அந்தப் பக்கம் போகும். அட்டையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதனால் இழுக்கிற வாய் விடுகிறது, விடுகிற வாய் இழுக்கிறது.

சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

ஏன் சொல்ல வேண்டும்? நாளைக்குச் சாயந்திரம் கொடி ஏறிவிட்டால் ரூம் அவளுடையது. ஏமாற்றவில்லை, திருடவில்லை. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது பாவம் என்று எந்த சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. ஜன்னலோர மிஷின் கண்ணுக்குள் வந்து நின்றது. காலைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சந்துக்குத் திரும்பிவிட்டாள்.

அன்றைக்குச் சாயந்திர ஜெபமாலையில் அவளுக்கு மணி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. அருள் நிறைந்த மரியே என்று உதடு சொல்லும், மனசு ‘சொல்லிடு’ என்னும். அடுத்த மணியில் ‘சொல்லாதே’ என்னும். செபஸ்தியான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்து, “காயலாங்கடை பெரியசாமிய வண்டியோட வரச் சொல்லிட்டேன். நாளைக்கு பதினோரு மணிக்கு வந்துடுவாரு” என்று சொல்லிவிட்டுப் படுத்தான். அவள் உம் கொட்டினாள். அவளுக்கு அவள் மேலேயே எரிச்சலாக வந்தது. இத்தனை நாளாகக் கேட்டது கிடைக்கப்போகிறதே, சந்தோஷம் எங்கே போய்த் தொலைந்தது?

காலையில் எழுந்து வந்தால் செபஸ்தியான் முன் ரூமில் தரையில் உட்கார்ந்து எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏனோதானோ என்று இல்லை. பழைய வேட்டித் துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து, இடுக்கு இடுக்காக, ஒவ்வொரு போல்ட் தலையையும் துடைத்தான்.

“காயலாங்கடைக்குப் போறத எவனாச்சும் தொடைப்பானா?” என்று கேட்க நினைத்தாள். கேட்க முடியவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டி ஊருக்கு அனுப்புகிற மாதிரி அந்த மனுஷன் துடைக்கிறானே! ஒரு ரூமுக்காக இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொம்பளையா நான் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷம் வெடித்துவிட்டாள்.

“யோவ்! அந்த அட்டையப் புரட்டிப் போட்டுத்தானே வெட்டியிருக்கணும்?”

அவன் திரும்பிப் பார்த்தான். “இன்னா ஜெசி?”

“செயினுக்கு வரைஞ்ச அட்டை. கியர் போட்டா கேம் எதிர்ப்பக்கம் சுத்தாது? ரெண்டு கையும் எடது கையா வெட்டி வெச்சிருக்கியே மனுஷா! பொகை போற கொழாய் துணிய இழுக்குது, நீயே பாரு!”

அவள் கீழே கிடந்த துண்டுத் துணியை எடுத்துக் குழாய் வாயில் பிடித்தாள். அவன் நம்பாமல்தான் கயிற்றை இழுத்தான். துணி பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவன் அட்டையைப் பார்த்தான், கேமைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

“அட கடவுளே. ஜெனரேட்டர், பம்ப்செட்டுன்னு ஊரு எஞ்சினெல்லாம் பாத்தவன், கியர் எதிர்ப்பக்கம் சுத்தும்னு தெரியாதவனா நான்? எப்படி உட்டேன்?” கயிற்றைத் தள்ளிப் போட்டான். “இனிமே திண்டிவனம் போயி, புதுத் தண்டு கடைஞ்சி, ராவி... ஆவாது ஜெசி. பெரியசாமி வந்துடுவாரு.”

“புதுசு எதுக்கு? ஜாக்கெட்ட உள்ளப் புடிச்சி வெளியத் திருப்பினா எடது கை வலது கையாயிடுது. எஞ்சினத் திருப்ப முடியாதா?”

“எஞ்சினு இன்னா துணியா, உள்ளயிருந்து...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நின்றான். கண் அகலமாகத் திறந்தது. “எஞ்சினையே எதிர்ப்பக்கம் சுத்த வெச்சா? அப்ப கேம் அட்டையில போட்ட பக்கம் சுத்தும். பொறி விழற நேரத்த மட்டும் மாத்தணும், அது பாயின்ட்ட கொஞ்சம் தள்ளி வெச்சா சரியாப் போச்சி! ஏ ஜெசி, ஜல்தி, அந்த சின்ன ஸ்பேனர எடு!”

அவள் எடுத்துக் கொடுத்தாள். அவன் கை பறந்தது. பாயின்ட்டைத் தள்ளி வைத்தான், மூடியை மாட்டினான், கயிற்றை மறு பக்கமாகச் சுற்றினான். ஜெசிந்தா தானாகவே பலகை மேல் ஏறி நின்றாள். முதல் இழுப்பில் இருமியது. அடுத்த இழுப்பில் துணித் துண்டைப் பறக்க அடித்தது. அதற்கடுத்த இழுப்பில், மாதாவே, பிடித்துக்கொண்டது!

பிடித்துக்கொண்டதா, அப்படி ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது, ஸ்டாண்டில் தட்டு குதித்தது, நீலப் புகை ரூமை நிறைத்துச் சந்து வரை போனது. “ஐயோ, ஜாக்கெட்டு! கொடியேத்தத்துக்குக் குடுக்க வேண்டிய ஜாக்கெட்டு!” என்று ஜெசிந்தா துணியை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வீரம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று, “இன்னாடி வீடு பத்திக்கிச்சா?” என்று அலறினாள். இத்தனை புகைக்கும் நடுவில் செபஸ்தியான் நின்ற இடத்திலேயே நின்றான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. புகையால் பாதி. மீதி சந்தோஷம்தான், அதை அவன் மறைக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியசாமி மூன்று சக்கர வண்டியோடு வந்து நின்றார். “செபஸ்தியாண்ணே, எத்த ஏத்தணும்?” என்று கேட்டவர், உள்ளே ஓடுகிற எஞ்சினைப் பார்த்ததும் வாயை மூட மறந்துவிட்டார்.

எஞ்சினை அணைத்ததும் வீடே கம்மென்றானது. ஜெசிந்தா துணி மூட்டையோடு வாசற்படியில் நின்றாள். பேச்சு பேச்சுதான். மாதா மேல் சொன்னது.

“சரி. ஓடிடுச்சி. ரூம் ஒங்களுதுதான். நான் வாய தொறக்க மாட்டேன்” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று.

செபஸ்தியான் அவளை விநோதமாகப் பார்த்தான். “ரூமா? ஓடற எஞ்சின எவனாச்சும் வீட்டுக்குள்ள வெப்பானா? பொகையப் பாத்தியா நீ?” என்றவன், பெரியசாமி காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினான். “ஓடாத வரைக்கும் கூட்டுரோட்டுல வெச்சா நாலு பேரு சிரிப்பான். ஊரு எஞ்சின ரிப்பேர் பண்றவன் எஞ்சின் ஓடலன்னு சொல்லுவான். அதுக்காகத்தான் இங்க மறைச்சி வெச்சிக்கினு இருந்தேன். போல்ட்டு காணாமப் போவும்னு சொன்னதெல்லாம் சும்மா. இனிமே கொட்டாய் வாசல்லதான். பஸ்ஸுக்கு நிக்கறவன் பூரா பாக்கட்டும்.”

“எதிர்ப்பக்கம் சுத்துதே?”

“எந்தப் பக்கம் சுத்தினா இன்னா? சுத்துது இல்ல!”

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தையை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் கிறிஸ்மஸ் சண்டையே வந்திருக்காதே! வெட்கத்தை மறைக்க ஒரு ரூம் வேண்டியிருந்திருக்கிறது பாவிக்கு. பெரியசாமியும் செபஸ்தியானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எஞ்சினைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். பெரியசாமி வண்டியிலிருந்து ஒரு சாக்கை உதறி அது உருளாமல் முட்டுக் கொடுத்தார். ரூம் வெறிச்சென்று பெரிதாகத் தெரிந்தது. ஜன்னல் வழியாக வெயில் தரை வரைக்கும் வந்திருந்தது.

வண்டி கிளம்பும்போது செபஸ்தியான் படியில் நின்று திரும்பினான்.

“நேத்தே ஒனக்குத் தெரியும் இல்ல?”

ஜெசிந்தா திடுக்கிட்டாள். “யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்? நேத்து மத்தியானத்துல இருந்து நீ என்னை ஒரு வார்த்த திட்டல. கல்யாணமானதுல இருந்து அப்படி ஒரு நாள் உண்டா? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. எஞ்சின் போனாப் போவுது, இவளுக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு பயந்தே போயிட்டேன்.”

ஜெசிந்தா கையிலிருந்த ஜாக்கெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ரூமுக்குள் பார்த்தாள். தரையில் எஞ்சின் இருந்த இடத்தில் தட்டகலத்துக்கு ஆயில் கறை.

“பயந்தவன் மூஞ்சப் பாரு!” என்று ஆரம்பித்தாள். குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “தரைய இப்படி நாறடிச்சிட்டு எங்கய்யா வண்டியேறிப் போற? சோடா உப்பு போட்டுத் தேச்சிக் கழுவிட்டு அப்புறம் போ! நாளைக்கு நான் இங்க பட்டு விரிச்சி வெட்டணும்!”

செபஸ்தியான் வாயெல்லாம் பல்லாக வாளியைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினான்.